கார்புரேட்டரை அரித்த கரும்புச் சாராயம்

இரும்புப் பீப்பாயில் பெட்ரோலை நிரப்பி, நீர் புகாமல் இறுக மூடி வைத்தால், அதன் உட்புறம் நெடுநாள் துருவின்றி இருக்கும். பெட்ரோல் உலோகங்களின் பகைவன் அன்று. ஆய்வுக்கூடத்தில் சாராய விளக்கில் ஊற்றுகிறோமே, அந்த எரிசாராயமும் பார்வைக்குச் சாதுவான திரவந்தான். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். விரலில் பட்டால் குளிரும். சற்று நேரத்தில் ஆவியாகி மறைந்துவிடும். இவ்விரண்டில் எதையும் நாம் அமிலம் என்று அஞ்சுவதில்லை. ஆயினும் 1970களின் இறுதியில் பிரேசில் நாட்டில், பெட்ரோலுக்கென்று அமைந்த மோட்டார் கார்களில் சாராயத்தை ஊற்றி ஓட்டத் தொடங்கியபோது, கார்புரேட்டருக்குள் வெண்மையான பொடி படிந்தது. நுண்துளைகள் அடைபட்டன. எரிபொருள் தொட்டியின் உட்பூச்சு கரைந்து, அடியிலிருந்த எஃகு துருப்பிடித்தது.

ஒரு பெரிய நாட்டின் பெருந்திட்டம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு துத்தநாக வார்ப்பின் முன்னால் தடுமாறிய வரலாறு இது. அந்நாட்டுப் பொறியாளர்கள் அதற்கு விடை கண்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு நாட்டில் அந்த விடை போதாமற் போயிற்று. இன்று நம் ஊரில் விற்கும் பெட்ரோலிலும் எத்தனால் கலந்திருக்கிறது. ஆகவே இந்த வரலாற்றைச் சற்று நின்று பார்ப்பது நமக்கும் பயன்தரும்.

சர்க்கரை மலிந்தது, எண்ணெய் ஏறியது

எத்தனால் என்பது நாம் சாராயம் என்று வழங்கும் பொருளின் வேதியியற் பெயர். கரும்புச் சாற்றையோ, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகையோ ஈஸ்ட்டைக் கொண்டு நொதிக்கச் செய்து, பிறகு காய்ச்சி வடித்தால் அது கிடைக்கும். கரும்பு விளையும் நாடுகள் இதை வண்டிகளுக்கு எரிபொருளாக்க எண்ணியதில் வியப்பில்லை.

பிரேசில் இந்த எண்ணத்தை மிக முன்பே செயலாக்கியது. இறக்குமதியாகும் பெட்ரோலில் 5 விழுக்காடு சாராயம் கலக்கப்பட வேண்டும் என்று 1931ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் ஆணை பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எண்ணெய்க் கப்பல்கள் வருவது அரிதானபோது கலக்கும் அளவு மேலும் உயர்ந்தது. போர் முடிந்ததும் பெட்ரோல் மலிவாயிற்று. சாராயம் மறுபடியும் பின்னுக்குச் சென்றது.

1973இல் நிலைமை தலைகீழாயிற்று. எண்ணெய் நாடுகள் விலையை உயர்த்தின. தனக்கு வேண்டிய எண்ணெயில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வெளிநாடுகளிலிருந்து வாங்கிவந்த பிரேசில் திகைத்துப்போயிற்று. 1974 இறுதியில் உச்சத்திலிருந்த சர்க்கரை விலையோ அடுத்த ஆண்டில் சரிந்து விழுந்தது. வாங்கும் பொருள் விலை ஏற, விற்கும் பொருள் விலை இறங்க, அரசு இரண்டையும் ஒரே முடிச்சில் கட்ட முனைந்தது. 1975 நவம்பர் 14 அன்று, எர்னெஸ்டோ கெய்செல் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 'புரோஆல்கூல்' என்னும் தேசிய சாராயத் திட்டம் தொடங்கப்பெற்றது.

திட்டம் இரண்டு வழிகளில் சென்றது. ஒன்று, நீர் அகற்றிய எத்தனாலைப் பெட்ரோலில் ஒரு பங்காகக் கலப்பது. மற்றது, பெட்ரோலையே ஒதுக்கிவிட்டு, சிறிது நீருள்ள எத்தனாலை மட்டுமே கொண்டு காரை ஓட்டுவது. சாவோ ஜோஸே டோஸ் காம்போஸ் நகரிலுள்ள விமானத் தொழில்நுட்ப மையத்தில் உர்பானோ எர்னெஸ்டோ ஸ்டும்ப் என்ற பொறியாளரின் தலைமையில் சாராய எஞ்சின்கள் ஆராயப்பட்டன. 1976இல் அம்மையத்தார் சாராயத்தால் ஓடும் மூன்று கார்களை நாடு முழுவதும் 8,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிக் காட்டினர். 1979இல் ஃபியட் 147 என்ற சிறு கார், சாராயத்துக்கென்றே தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்ட முதற்காராக விற்பனைக்கு வந்தது. சாராய நெடி வீசியதால் மக்கள் அதற்குக் 'கஷாசின்யா' என்று செல்லப்பெயர் வைத்தனர். கஷாசா என்பது அந்நாட்டில் கரும்பிலிருந்து வடிக்கும் மது.

இதோடு நின்றிருந்தால் வெற்றிக் கதையாகவே இருந்திருக்கும். ஆனால் எஞ்சின் ஓடுவது வேறு, ஆண்டுக்கணக்கில் ஓடுவது வேறு.

காருக்குள் நடந்தது என்ன?

கார்புரேட்டர் என்பது எரிபொருளையும் காற்றையும் உரிய அளவில் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் உறுப்பு. அதன் உடம்பு நெளிவும் சுழிவுமாகப் பல வழிகள் கொண்டது. இத்தகைய உறுப்பை வார்ப்பதற்குத் துத்தநாகத்தோடு சிறிது அலுமினியம் சேர்த்த உலோகக் கலவையே ஏற்றதாக இருந்தது. அது 400 டிகிரி செல்சியசுக்கும் குறைந்த வெப்பத்தில் உருகும், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பாயும், விலையும் குறைவு. அந்த உடம்புக்குள் எரிபொருளை அளந்து விடும் சிறு துளைக் குழல்கள் மட்டும் பித்தளையால் ஆனவை. எரிபொருள் தொட்டியோ எஃகுத் தகட்டால் ஆனது. துரு ஏறாமலிருக்க அதன்மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு இருக்கும். பெட்ரோலுக்கு இந்த ஏற்பாடு பல்லாண்டுக் காலம் குறையின்றிப் பயன்பட்டது.

இதே வண்டியில் நீருள்ள எத்தனாலை ஊற்றியதும் துத்தநாகம் அரிக்கப்பட்டு வெண்பொடியாயிற்று. பொடி பித்தளைத் துளைகளை அடைத்தது. தொட்டியில் ஈயப்பூச்சு தாக்கப்பட்டு, பூச்சு போன இடத்தில் எஃகு துருப்பிடித்து, அந்தத் துருத்தூள் குழாய் வழியே நகர்ந்தது. எரிபொருள் பம்பும் தப்பவில்லை. வண்டி திக்கித் திணறி நின்றது.

தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்த கார்களோடு, பெட்ரோல் கார்களைப் பட்டறையில் மாற்றியமைத்துச் சாராயத்தில் ஓட்டுவதும் அப்போது பரவியிருந்தது. எல்லாப் பட்டறைகளும் ஒரே தரத்தில் வேலை செய்யவில்லை. எஞ்சினைத் திருத்தியவர்கள், எரிபொருள் தொட்டுச் செல்லும் உலோகங்களைப் பற்றி எண்ணாமல் விட்டதுண்டு. குளிர்ந்த காலையில் சாராயக் கார் எளிதில் கிளம்பாது என்ற குறையும் இருந்தது. இவற்றோடு சாராயத்தின் விலையும் ஏறவே, 1981இல் சாராயக் கார்களின் விற்பனை மளமளவென்று வீழ்ந்தது. கோடிக்கணக்கில் செலவிட்டு நட்ட கரும்பும், கட்டிய வடிசாலைகளும், மக்களின் நம்பிக்கையும் ஊசலாடின.

பெட்ரோல் ஏன் அரிக்கவில்லை?

இங்கே இயற்பியலின் துணையை நாடுவோம். உலோகம் அரிக்கப்படுவது பெரும்பாலும் ஒரு மின் நிகழ்ச்சியே. துத்தநாக அணு ஒன்று 2 எலெக்ட்ரான்களை உலோகத்திலேயே விட்டுவிட்டு, நேர் அயனியாகித் திரவத்துக்குள் செல்கிறது. விடப்பட்ட எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே வேறோர் இடத்துக்கு ஓடுகின்றன. அங்கே நீரும் கரைந்துள்ள ஆக்சிஜனும் அவற்றை ஏற்றுக்கொள்கின்றன. மின்சுற்று முழுமை பெற வேண்டுமானால், திரவத்தின் வழியாகவும் அயனிகள் நகர்ந்தாக வேண்டும். எனவே அரிமானம் நடக்க மூன்று தேவை: எலெக்ட்ரானை விடும் இடம், அதை ஏற்கும் இடம், இடையே அயனிகளுக்கு வழிவிடும் திரவம்.

பெட்ரோலில் மூன்றாவது இல்லை. மின்காப்பு மாறிலி என்றோர் அளவைப் பள்ளி இறுதி வகுப்பில் படித்திருப்பீர்கள். நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் ஒன்றையொன்று ஈர்க்கும் விசையை ஓர் ஊடகம் எத்தனை மடங்கு குறைக்கும் என்பதை அது காட்டும். பெட்ரோலுக்கு இந்த அளவு ஏறத்தாழ 2. எத்தனாலுக்கு ஏறத்தாழ 24. நீருக்கு ஏறத்தாழ 80. பெட்ரோலில் எதிரெதிர் அயனிகளின் ஈர்ப்பு பாதியாக மட்டுமே குறைவதால் அவை பிரிந்து நிற்க முடிவதில்லை. எத்தனாலில் அந்த ஈர்ப்பு 24இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது; நீர் சேரச்சேர இன்னும் குறைகிறது. உப்பும் அமிலமும் அங்கே அயனிகளாகப் பிரிந்து உலவ முடிகிறது. வண்டிகளுக்கான எத்தனால், பெட்ரோலைப் போலப் பல இலட்சம் மடங்கு மின்சாரத்தைக் கடத்தும் என்பதிலிருந்து இந்த வேறுபாட்டின் அளவை உணரலாம்.

எத்தனாலுடன் நீர் ஏன் சேர்ந்தே வருகிறது? சாராயத்தை எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும், நிறையில் 95.6 விழுக்காடு எத்தனாலும் 4.4 விழுக்காடு நீரும் என்ற நிலைக்கு மேல் அது தூய்மையாவதில்லை. அந்த விகிதத்தில் இரண்டும் ஒன்றாகவே கொதித்து ஒன்றாகவே ஆவியாகின்றன. மிஞ்சிய நீரை நீக்கத் தனி வேலையும் தனிச் செலவும் வேண்டும். முழுச் சாராயக் காருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பதாலேயே பிரேசில் நீருள்ள எத்தனாலைத் தேர்ந்தது. சிக்கனத்துக்காக வைத்துக்கொண்ட அந்த நீரே அரிமானத்துக்கு வழிதிறந்தது. நொதித்தலில் உண்டாகும் அசெட்டிக் அமிலமும் மிகச் சிறிதளவு எத்தனாலில் தங்குவதுண்டு. எத்தனால் காற்றோடு கலந்து நாட்பட்டாலும் அது தோன்றும். நம் வீட்டுக் காடியின் புளிப்பும் இதே அமிலத்தால் வருவதுதான். போதாக்குறைக்குக் குளோரைடு போன்ற உப்புகளின் சுவடும் சேர்ந்துவிட்டால் அரிப்பு விரைவுபடும்.

கப்பல் ஆணி சொன்ன பாடம்

இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும்போது மற்றொரு கேடும் சேர்கிறது. இதை முதலில் தெளிவாகக் கண்டவர்கள் கடற்படையினர். மரக்கப்பலின் அடிப்பாகத்தைப் புழுக்கள் துளைக்காமலிருக்க, 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலுக்குச் செப்புத்தகடு போர்த்தியது. இரண்டாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் கரைந்துபோயிருந்தன. ஆனால் சில ஆணிகள் மட்டும் நல்ல நிலையில் இருந்தன. செப்புத்தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக அந்த ஆணிகளுக்கும் செம்புக்கும் நடுவே சிக்கி, இரண்டையும் தொடவிடாமல் தடுத்திருந்தது!

செம்பும் இரும்பும் உப்புநீரும் சேர்ந்து ஒரு மின்கலமாகிவிட்டன. இரும்பு தன்னை இழந்து செம்பைக் காத்தது. 1824இல் ஹம்ப்ரி டேவி இதையே திருப்பிப் பயன்படுத்தினார். செப்புத்தகட்டோடு சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்தால் செம்பு அரிக்கப்படாது என்று காட்டினார். செம்பும் கரையாமல் நின்றது. ஆனால் கரைந்த செம்பின் நச்சுத்தன்மையே அதுவரை கடற்சிப்பிகளை அண்டவிடாமல் வைத்திருந்தது. செம்பு கரைவது நின்றதும் கப்பலடியில் சிப்பிகள் அப்பிக்கொண்டு வேகத்தைக் குறைத்தன. முறை கைவிடப்பட்டது. ஒரு கேட்டைத் தடுக்கும்போது வேறெது மாறுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

இனிக் கார்புரேட்டருக்குத் திரும்புவோம். துத்தநாக உடம்புக்குள் பித்தளைக் குழல். பித்தளையில் பெரும்பகுதி செம்பு. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த டேனியல் மின்கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 1.1 வோல்ட் என்பதை நீங்கள் அறிவீர்கள். கார்புரேட்டர் என்பது திருகி மூடி வைக்கப்பட்ட ஒரு மின்கலமாகவே இருந்தது. மின்பகுளி மட்டுந்தான் இல்லை. பெட்ரோல் இருந்தவரை அது உறங்கிக் கிடந்தது. நீருள்ள எத்தனால் நுழைந்ததும் விழித்துக்கொண்டது.

நிக்கலும் வெள்ளீயமும்

நோயின் மூலம் தெரிந்தபின் மருந்து கிடைத்தது. பிரேசில் கார் தொழிற்சாலைகள் கார்புரேட்டரின் துத்தநாக உடம்புக்கு நிக்கல் முலாம் பூசத் தொடங்கின. சாதாரண மின்முலாம் பூசும்போது வெளிமேடுகளில் தடிப்பாகவும் உட்குழிவுகளில் மெல்லியதாகவும் படியும். கார்புரேட்டரின் வளைந்த உள்வழிகளுக்கு அது போதாது. ஆகவே மின்சாரமின்றி, வேதிக் கரைசலில் அமிழ்த்தியே எல்லாப் பரப்பிலும் சீராக நிக்கலைப் படியவைக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. தொட்டிக்கு ஈயம் மிகுந்த பூச்சுக்குப் பதிலாக வெள்ளீயப் பூச்சு வந்தது. எரிபொருள் பம்பும் குழாய்களும் அவ்வாறே மாறின. சாராயத்தில் ஊறி உப்பும் ரப்பர் குழாய்களுக்கும் வளையங்களுக்கும் மாற்றுப் பொருள்கள் வந்தன.

மற்றொரு பக்கம் எரிபொருளுக்கும் கட்டுப்பாடு வந்தது. அந்நாட்டில் எத்தனாலின் தரம் அதன் எரிதிறனால் மட்டும் அளக்கப்படுவதில்லை. அமிலத்தன்மை இவ்வளவுக்கு மேற்படக் கூடாது, மின்கடத்துத்திறன் இவ்வளவுக்கு மேற்படக் கூடாது என்ற வரம்புகளும் உண்டு. எரிபொருளுக்கு மின்கடத்துத்திறன் எதற்கு என்று தோன்றலாம். கலந்துள்ள அயனிகளை ஒரே அளவீட்டில் காட்டிவிடும் எளிய சோதனை அதுவே. இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் மின்தடை அளவீடு இவ்வாறு பெட்ரோல் நிலையத்தின் காவலாளாயிற்று.

இம்மாற்றங்களோடு விலைச்சலுகைகளும் சேர, நம்பிக்கை திரும்பியது. 1980களின் நடுவில் பிரேசிலில் விற்ற புதிய கார்களில் 10இல் 9க்கும் மேற்பட்டவை சாராயக் கார்கள். பிறகு 1989, 1990ஆம் ஆண்டுகளில் சாராயத்துக்கே தட்டுப்பாடு வந்து, அந்தக் கார்கள் மீண்டும் செல்வாக்கிழந்தது தனிக்கதை. அதற்குக் காரணம் அரிமானம் அன்று. 2003இல், பெட்ரோல் கலவை, சாராயம் இரண்டில் எதை ஊற்றினாலும் ஓடும் கார்கள் அங்கே வந்தன. முதல் தலைமுறைக் கார்புரேட்டர்களில் கற்ற உலோகப் பாடம் இல்லாமல் அவை வந்திருக்க முடியாது.

கலவை பிரியும்போது

இதுவரை நாம் பார்த்தது பெரும்பாலும் முழுச் சாராயத்தின் கதை. பெட்ரோலில் எத்தனாலைக் கலந்த எரிபொருளின் இயல்பு வேறு. நீரற்ற எத்தனாலில் 10 பங்கும் பெட்ரோலில் 90 பங்கும் கலந்தால் தெளிந்த ஒரே திரவமாக நிற்கும். அதில் எத்தனால் மூலக்கூறுகள் பெட்ரோலால் சூழப்பட்டிருப்பதால் அரிக்கும் ஆற்றல் மிகக் குறைவு.

எத்தனால் மூலக்கூற்றின் ஒரு முனை நீரோடு உறவு கொள்வது. மறுமுனை எண்ணெயோடு உறவு கொள்வது. இரண்டு வீட்டுக்கும் வேண்டிய சம்பந்தி போல அது நீரையும் பெட்ரோலையும் ஓரளவு சேர்த்து வைக்கிறது. ஆனால் பொறுமைக்கும் எல்லை உண்டு. 10 விழுக்காட்டுக் கலவை, 15 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ அரை விழுக்காடு நீரைத் தாங்கும். அதாவது 1 லிட்டருக்கு 5 மில்லிலிட்டர், ஒரு தேக்கரண்டி அளவு. அதற்கு மேல் போனால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டு நீரோடு சேர்ந்து அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். வெப்பம் குறைந்தால் தாங்கும் அளவும் குறையும். எத்தனாலின் பங்கு கூடினால் தாங்கும் அளவும் கூடும்.

அடியில் தங்கிய அந்த அடுக்கே ஆபத்தானது. கலவை முழுவதும் பரவியிருந்த எத்தனாலும் நீரும் உப்பும் அமிலமும் அங்கே திரண்டிருக்கின்றன. தொட்டியின் அடித்தகடு இப்போது தொடுவது பெட்ரோலை அன்று. பிரேசிலின் பழைய கார்புரேட்டர்களைத் தின்ற திரவத்தின் நெருங்கிய உறவினனை. '10 விழுக்காடுதானே கலந்திருக்கிறது' என்ற கணக்கு அந்த இடத்தில் செல்லாது. இதனாலேயே பெட்ரோலில் கலக்கும் எத்தனாலிலிருந்து நீரை நீக்குகிறார்கள். அரிமானத் தடுப்பு மருந்தும் சேர்க்கிறார்கள். பிரேசிலில் 2006 முதல் நீரற்ற எத்தனாலுக்கு ஆரஞ்சு நிறம் ஊட்டுகிறார்கள். அதில் நீரைச் சேர்த்து முழுச் சாராயம் என்று ஏமாற்றி விற்பவர்களை அந்த நிறம் காட்டிக்கொடுக்கும்.

நீர் குறைந்தாலும் தொல்லை

'அப்படியானால் நீரை அறவே ஒழித்துவிட்டால் போதுமே' என்று வாசகர்கள் எண்ணுவது இயல்பு. பொறியாளர்களும் அவ்வாறே எண்ணினார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எரிபொருள் எத்தனாலில் நீர் 1 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. ஆனால் அங்கே 1990களிலிருந்து, எத்தனாலைத் தேக்கி வைக்கும் பெரிய எஃகுத் தொட்டிகளிலும் குழாய்களிலும் விரிசல்கள் தென்பட்டன. உலோகம் தேய்ந்து மெலியவில்லை; துருவும் அதிகமில்லை. பற்றவைத்த இணைப்புகளின் அருகே, உலோகத்தின் உள்ளே மயிரிழை போல வெடிப்புகள் ஓடின. இதற்குத் தகைவு அரிமான விரிசல் என்று பெயர். இழுவிசையால் இறுகி நிற்கும் உலோகமும் அதற்கேற்ற திரவமும் சேரும்போது மட்டுமே இது தோன்றும்; ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்று தனியே இதைச் செய்யாது.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் இவ்விரிசல்களை ஆராய்ந்து 2003இல் அறிக்கை வெளியிட்டது. விரிசல் எத்தனால் செய்யும் ஆலைகளில் காணப்படவில்லை. அதை ஏற்றிச்சென்ற லாரிகளிலும் இரயில் தொட்டிகளிலும் காணப்படவில்லை. வழியிலுள்ள சேமிப்பிடங்களிலும், பெட்ரோலோடு கலக்கும் நிலையங்களிலுமே காணப்பட்டது. பயணத்தின்போதும் கைமாறும்போதும் எத்தனாலில் காற்றின் ஆக்சிஜன் கரைகிறது. ஆக்சிஜனை நீக்கிவிட்டுச் செய்த சோதனைகளில் விரிசல் உண்டாகவில்லை. குளோரைடு கூடினால் விரிசல் கூடியது. வியப்பு என்னவென்றால், சில விழுக்காடு நீரைச் சேர்த்தபோது விரிசல் தடைப்பட்டது! கார்புரேட்டரில் குற்றவாளியாக நின்ற நீர், இங்கே காவலனாக நின்றது.

அலுமினியத்திலும் இதே விந்தை உண்டு. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது. அதுவே அதன் கவசம். கவசத்தில் கீறல் விழுந்தால், சிறிதளவு நீர் இருந்தாற்கூட அது மீண்டும் வளர்ந்துவிடும். எஞ்சினுக்கு அருகே, 100 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில், நீர் மிகமிகக் குறைந்த எத்தனால் கலவை பட்டால் கவசத்தைப் புதுப்பிக்க நீர் கிடைப்பதில்லை. எத்தனால் அலுமினியத்தோடு நேரடியாக வினைபுரிந்து, ஹைட்ரஜனை வெளியேற்றி, உலோகத்தில் குழிகள் பறிக்கும். அங்கேயும் மிகச் சிறிதளவு நீரே மருந்து.

ஆகவே நீர் நல்லதா, கெட்டதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. எந்த உலோகம், எவ்வளவு நீர், எவ்வளவு ஆக்சிஜன், எத்தனை டிகிரி வெப்பம், உலோகத்தில் எவ்வளவு இழுவிசை என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். அமெரிக்கத் தொட்டிகளுக்குக் கண்ட தீர்வும் பிரேசிலின் தீர்வு அன்று. பற்றவைத்த இணைப்பைச் சூடேற்றி மெல்ல ஆறவிட்டு அதன் உள்தகைவைத் தணிப்பது, தொட்டியின் உட்புறத்தில் பூச்சுப் பூசுவது ஆகியவையே அங்கே கைகொடுத்தன.

நம் வண்டியின் தொட்டியில்

நம் நாட்டுக்கும் இது முற்றிலும் புதியதன்று. பெட்ரோலில் சாராயம் கலப்பது பற்றி 1948லேயே இந்திய எரிசாராயச் சட்டம் இயற்றப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து 2003இல் 5 விழுக்காட்டுக் கலவை சில மாநிலங்களில் தொடங்கிற்று. 2022இல் நாட்டின் சராசரி 10 விழுக்காட்டை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காட்டுக் கலவை விற்பனைக்கு வந்தது. 2025இல் அதுவே நாடெங்கும் பொதுவான பெட்ரோலாயிற்று. 2023 ஏப்ரலிலிருந்து செய்யப்படும் வண்டிகளின் எரிபொருள் பாகங்கள் 20 விழுக்காட்டுக் கலவையைத் தாங்கும் பொருள்களால் அமைகின்றன.

நம் பெட்ரோலில் கலப்பது நீரற்ற எத்தனால். பிரேசில் கார்களின் முதற்சோதனையோ நீருள்ள முழுச் சாராயத்தோடு நடந்தது. அங்கே நடந்தது அப்படியே இங்கும் நடக்கும் என்று அஞ்சுவது தவறு. ஆயினும் நம் தெருக்களில் ஓடும் பழைய ஸ்கூட்டர்களின் கார்புரேட்டர் துத்தநாகக் கலவையாலோ அலுமினியக் கலவையாலோ வார்த்தது. உள்ளே பித்தளைக் குழல். அதைச் செய்தவர்கள் மனத்தில் வைத்தது பெட்ரோலை. அத்தகைய வண்டியை வைத்திருப்பவர் செய்யத்தக்கவை எளியவை. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும்போது தொட்டியில் பாதி எரிபொருளோடு விடலாகாது. மேலேயுள்ள வெற்றிடத்தில் ஈரக்காற்று புகுந்து குளிர்ந்து நீராகும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். மழைநீர் இறங்க அந்த இடுக்கு போதும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றும்போது வெண்பொடி தென்பட்டால் அதைத் துடைத்துவிட்டு மறந்துவிடாமல், தொட்டியின் அடியில் நீர் தங்கியிருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பிரேசிலில் சாராயத்தைக் கைவிட்டுத் தீர்வு காணவில்லை. துத்தநாகத்தை முற்றிலும் ஒதுக்கியும் காணவில்லை. இரண்டும் சந்திக்கும் பரப்பை ஆராய்ந்து, சில மைக்ரான் தடிப்புள்ள நிக்கலை நடுவே வைத்தார்கள். 'அலார்ம்' கப்பலின் ஆணியைக் காத்த பழுப்புக் காகிதத்தின் வேலையைத்தான் அந்த நிக்கலும் செய்தது. காகிதம் தற்செயலாக அங்கே சிக்கியது. நிக்கலை அறிந்து வைப்பதற்கு 200 ஆண்டுக்கால மின்வேதியியல் தேவைப்பட்டது. எரிபொருளை மாற்ற முனையும் எந்த நாடும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி 'இது எரியுமா?' என்பது. அதையடுத்து உடனே கேட்கவேண்டிய கேள்வி, 'இது போகும் வழியில் எதையெல்லாம் தொடும்?' என்பதே.